நவோமி புருவம் தூக்கவில்லை

"ஹலோ… ஷ்யாமளா? நான்தான், அஃப்சானா… ஆமா, ஆமா… இல்ல, ஒண்ணும் அவசரம் இல்ல… இல்ல, அவசரம்தான். கார் ஓட்டிக்கிட்டு இருக்கியா?… ஓ, டான்ஸ் கிளாஸ் வாசல்லயா. தீக்ஷா உள்ள இருக்காளா?… வெளிய வர்றதுக்கு நேரம் இருக்குல்ல?… சரி, சரி. நல்லதாப் போச்சு."

நல்லதாப் போச்சு என்று வாய் சொன்னதே தவிர, அஃப்சானாவின் கண் கதவின் மேலேயே இருந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மான்மவுத் ஜங்ஷனில் தன் வீட்டு கராஜுக்குள், தண்ணீர் பாட்டில் கட்டுகளுக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவே நின்றுகொண்டு, சமையலறைக்குப் போகும் கதவைச் சாத்திய பிறகுதான் கலிஃபோர்னியாவில், பிளசன்டனில் இருந்த ஷ்யாமளாவின் நம்பரையே அழுத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் கணவர் தௌபீக் கறியாணம் என்கிற கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைச் சமையல் அவர் பொறுப்பு. அவர் காதில் விழக் கூடாத ஒரு விஷயம் இந்த உலகத்தில் உண்டு. அது ஷ்யாமளாவுக்கும், எங்கோ ஒரு தீவில் இருக்கும் சில பெண்களுக்கும் மட்டும்தான் தெரியும் என்று அன்று மதியம் வரை அஃப்சானா நம்பிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, உன் பொண்ணுக்கு அட்மிஷன் கெடச்சதுதான் எனக்குத் தெரியுமே, அன்னைக்கே வாழ்த்துச் சொன்னேனே… ஆமா, பெரிய காலேஜ்… ஆமா, மாஷா அல்லாஹ், அவ கெட்டிக்காரி… ஷ்யாமளா, கொஞ்சம் நான் பேசட்டுமா?… இன்னைக்கு கிளாஸ் விஷயம். செலினா காலையில வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா… இல்ல, கரண்ட் பிரச்சினை எல்லாம் இல்ல. மாதர் வீட்டைப் பூட்டிட்டாங்களாம்… ஊர்ப் பெரியவங்கதான். பொம்பளைங்க வெளியூர்க்காரங்ககிட்ட வீட்டு விஷயமெல்லாம் பேசறாங்கன்னு பூட்டிட்டாங்க."

மாதர் வீடு என்பது சாலமன் தீவுகளில், கடலை ஒட்டிய ஒரு கிராமத்தில், சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஓலைக் கூரை வீடு. இங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு என்றால் அங்கே சனிக்கிழமை பகல். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண்கள் சூரிய வெளிச்சத்தில் சார்ஜ் ஏற்றிய ஒரே லேப்டாப்பின் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கூட்டிச் சேர்ப்பவள் செலினா, நவோமி அவர்களில் ஒருத்தி. இங்கிலீஷ், கணக்கு, பரீட்சைக்குத் தயாராவது என்று பாடம் நடக்கும். ஒரு தொண்டு அமைப்பில் முதலில் சேர்ந்தவள் ஷ்யாமளா. அப்போது பக்கத்து வீட்டுக்காரி. "நீயும் வாயேன், சும்மாதானே இருக்கே" என்று அஃப்சானாவையும் இழுத்துவிட்டாள். பிறகு அவள் கலிஃபோர்னியாவுக்குக் குடிபோனாள், கிளாஸ் மட்டும் நிற்கவில்லை. சும்மா இருந்த அஃப்சானாவுக்கு வாரத்தில் அந்த ஒரு வேளைதான் தான் யாரோ ஒருத்தி என்று தோன்றும் வேளை.

"நவோமி வீட்டை விட்டே வரலையாம்… உடம்புக்கு ஒண்ணுமில்ல. அவங்கப்பா அவகூடப் பேசறதில்ல. ஒரே வீட்டுல இருக்காரு, ஒரு வார்த்தை கிடையாது. சர்ச்ல ஞாயித்துக்கிழமை பைபிள் வாசிக்கிறவர் அவர்தானே, இப்ப வாசிக்க மாட்டேன்னு கடைசி பெஞ்சுல போய் உக்காந்துக்கறாராம்… அண்ணனுங்க? அண்ணனுங்க ஊரைக் கூட்டி, அப்பாவை அவமானப்படுத்தினதுக்கு பன்னி வெட்டி பரிகாரம் பண்ணணும்ங்கறாங்க. அதுவரைக்கும் சர்ச்சு அவளுக்கு லெட்டர் தராதாம்… ஆமா, அந்த லெட்டர்தான். பாலர் பள்ளி டீச்சர் ட்ரெய்னிங்குக்கு. அடுத்த மாசம் இன்டர்வியூ. அது போச்சுன்னா அவ்வளவுதான், ஷ்யாமளா. அவளுக்கு வேற வழி இல்ல."

"ஏனா?… உனக்குத் தெரியாதா?… இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன்… தீக்ஷா காலேஜுக்கு எழுதின எஸ்ஸே. எஸ்ஸே எழுத உதவின அந்த கவுன்சிலர் அதைத் தன் வெப்சைட்ல போட்டு வச்சிருக்கான், எல்லாரும் இது மாதிரி எழுதுங்கன்னு. நவோமி பேரு இருக்கு. ஊர் பேரு இருக்கு. போட்டோவும் இருக்கு… அவங்க ஊர்ப் பையன் ஒருத்தன் ஃபிஜில படிக்கறான். அவன் கண்ணுல பட்டுடுச்சு. ஃபேஸ்புக்ல போட்டுட்டான்… ஊரே பாத்தாச்சு."

இங்கே இருக்கும் நம்மூர்க் குடும்பங்களில் பிள்ளை ஹைஸ்கூலில் கால் வைத்ததும் பெற்றவர்களுக்கு ஒரு புதுக் கவலை பிடித்துக்கொள்ளும். மார்க் மட்டும் போதாது, பிள்ளைக்கு ஒரு லட்சியம் வேண்டும், அதை எஸ்ஸேயாக எழுதிக் காலேஜுக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் பிள்ளை ரோபோ செய்யும். ஒருவர் பிள்ளை கண் தெரியாதவர்களுக்காக ஆப் எழுதும். பிள்ளைக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை என்றால் அம்மாவுக்குத் தோன்றிவிடும். ஷ்யாமளாவுக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு தீவே இருந்தது. மகள் தீக்ஷா எப்போதாவது கிளாஸில் எட்டிப் பார்த்து இங்கிலீஷ் வாசித்துக் காட்டுவாள், பாவம், அன்பான பெண். எஸ்ஸேயில் அவள்தான் அந்த வகுப்பையே தொடங்கியவளாக ஆகியிருந்தாள். அதை அஃப்சானா அன்று மதியம் படித்தபோது சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டாள். அதெல்லாம் மன்னிக்கக்கூடியது.

"சரி, கவுன்சிலர் கேக்காம போட்டுட்டான், ஒத்துக்கறேன். எழுதறதுக்கு முன்னாடி நவோமிகிட்ட கேட்டீங்களா?… கேட்டியா? நீயா?… எப்போ?… ஓ, கிளாஸ் முடிஞ்சு அவளை மட்டும் இருக்கச் சொல்லி… சரி. அவ என்ன சொன்னா?… ஒண்ணும் சொல்லலன்னா?… இரு, இரு. சிரிச்சாளா… தலையைக் குனிஞ்சுக்கிட்டு சிரிச்சாளா… ஷ்யாமளா, புருவத்தைத் தூக்கினாளா?… அதெல்லாம் விடு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். புருவத்தைத் தூக்கினாளா, இல்லையா?"

அந்த ஊரில் சம்மதம் என்றால் வாய் திறக்க மாட்டார்கள், புருவத்தை மேலே தூக்குவார்கள். வந்தவர்கள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. வேண்டாம் என்றால் தலையைக் குனிந்து லேசாகச் சிரிப்பார்கள். தொண்டர்களுக்கு முதல் நாள் சொல்லித் தரும் பாடமே அதுதான். அஃப்சானாவுக்கு அதைச் சொல்லித் தந்தவள் ஷ்யாமளா. இதே வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் அப்போதுதான் த்ரெட்டிங் செய்துவந்த தன் புருவங்களை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"தூக்கல… ம்… ம்… அவசரத்துல கவனிக்கலையா. கடைசித் தேதி நெருங்கிடுச்சா… சரி. எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீதானே? தலையைக் குனிஞ்சா வேண்டாம்னு அர்த்தம், ஜாக்கிரதைன்னு நீதானே சொன்னே?… அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே."

அஃப்சானாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட உடனே வரவில்லை. இத்தனை வருஷமாக இவளிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறோமே என்ற வெட்கம்தான் முதலில் வந்தது. அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். கேட்க வந்த கேள்வியை அவள் இன்னும் கேட்டிருக்கவில்லை.

"இல்ல, நான் லைன்லதான் இருக்கேன்… ஷ்யாமளா, அந்த எஸ்ஸேல ஒரு இடம் வருது. நவோமியோட அப்பா போர்டிங் ஸ்கூல் வாசல்ல வந்து நிக்கறாரு. அம்மாவுக்கு ரொம்ப முடியல, உடனே கிளம்புன்னு சொல்றாரு. கையில பேப்பர்ல சுத்தின புதுச் செருப்பு. வீட்டுக்குப் போய்ப் பாத்தா அம்மா நல்லா இருக்காங்க, அடுப்படியில நின்னு கல்யாணச் சமையலுக்கு ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்காங்க… ஆமா, அந்த இடம்தான்… அது யாரு கதை, ஷ்யாமளா?"

"சொல்லு… நான் காத்துக்கிட்டு இருக்கேன்… ம்… அது யாரு வாப்பா? யாரு செருப்பு?"

தஞ்சாவூரில் காலேஜ் ஹாஸ்டல் வாசல். அஃப்சானா அப்போது பி.எஸ்ஸி. கணக்கு, இரண்டாம் வருஷம். அதிராம்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்த வாப்பா, உம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கூட்டிப் போனார். அந்த வாரமே நிக்காஹ் நடந்தது, அமெரிக்க மாப்பிள்ளை, நல்ல இடம். புதுச் செருப்பு கல்யாணத்துக்கு என்று அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. தௌபீக் நல்ல மனுஷன். அது அவளுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஆனால் அழுது கெஞ்சியதும், வேண்டவே வேண்டாம் என்று சாப்பிடாமல் கிடந்ததும் அவருக்குத் தெரியாது. "படிச்சது போதும்னு அவளேதான் சொல்லிட்டா, அமெரிக்கா பாக்கற ஆசை" என்று விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்றும் கிண்டல் செய்வார். அவள் சேர்ந்து சிரிப்பாள்.

"ஏன் பள்ளிக்கூடத்தை விட்டீங்கன்னு நம்ம அமைப்புல கேக்கச் சொன்னாங்க. வாராவாரம் கேட்டோம், யாரும் வாயே திறக்கல. செலினாதான் சொன்னா, எங்க ஊர்ல சும்மா கதை கேக்கக் கூடாது, முதல்ல நீங்க ஒண்ணு தாங்கன்னு. நான் குடுத்தேன். தௌபீக் டல்லஸ் போயிருந்த அன்னைக்கு, என் வாழ்க்கையிலேயே யாருக்கும் சொல்லாததை அந்தப் பொம்பளைங்க முன்னாடி சொன்னேன். அதுக்கு அப்புறம்தான் நவோமி தன்னோடதைச் சொன்னா. அவ அம்மாவுக்கு நிஜமாவே நோவு. அவங்கப்பா ராத்திரியெல்லாம் படகு வலிச்சு வந்து கூட்டிட்டுப் போனாரு. அவ மடியிலதான் அம்மா உசிரு போச்சு. நீ அதையும் இதையும் சேர்த்துத் தச்சு, அந்த மனுஷனைப் பொய்யனாக்கிட்டே. செத்துப் போன பொண்டாட்டி பேர்ல பொய் சொன்னவன்னு."

"அன்னைக்குப் பேசினதை ரெக்கார்ட் பண்ணினியா?… வேண்டாம்னு அவங்க அவ்வளவு சொல்லியும் பண்ணினியா… அதைக் கேட்டு நீ குறிப்பு எழுதி தீக்ஷாகிட்ட குடுத்தே. அப்ப அவளுக்குத் தெரியாது. நவோமி கதைன்னு நெனச்சுத்தான் எழுதியிருக்கா… ம்… என்னது?… எனக்காகவா?"

ஷ்யாமளா பேசிக்கொண்டே போனாள். கராஜில் ஈரத் துணி வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து அடித்தது.

"என் பேரு வெளிய வரக் கூடாதுன்னு நல்லெண்ணத்துலதான் அவ பேரைப் போட்டியா… தௌபீக்குக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு. ரொம்ப நன்றி. அவளுக்கு மட்டும் மானம் இல்லையா?… என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு… 'அங்க யாரு இதைப் படிக்கப் போறாங்க'ன்னா?… படிக்கத்தானே சொல்லிக்குடுத்தோம், ஷ்யாமளா. வாராவாரம் உக்காந்து நாம ரெண்டு பேரும் அதைத்தானே செஞ்சோம்."

"அவங்கப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஊர்ல எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்களே, என்னதான் போட்டிருக்குன்னு கேட்டிருக்காரு. யாரு வாசிச்சுக் காட்டினது தெரியுமா?… நவோமி. வரிக்கு வரி அவதான் வாசிச்சு அர்த்தம் சொன்னாளாம். பாதியிலேயே அவரு எழுந்து போயிட்டாராம்."

"அழாதே… நீ அழுதா நான் என்ன பண்ண முடியும்?… சரி, கேளு. எட்டு மணிக்கு செலினா வீட்டுல இருந்து போன்ல வருவாங்க. பாடம் படிக்க இல்ல. நவோமி இப்படி சொன்னாளா இல்லையான்னு நம்மகிட்ட கேக்க. அவங்கப்பாவையும் கூட்டிட்டு வர்றாங்களாம். நீ வந்து சொல்லணும். நவோமி சொல்லல, நான்தான் மாத்தி எழுத வச்சேன்னு. அவ்வளவுதான். வெப்சைட்ல இருந்து அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லு… எடுத்துட்டா போதாது, ஷ்யாமளா. எடுத்துட்டா அவ பொய் சொல்லி மறைச்சுட்டான்னு ஆகும். வந்து வாயால சொல்லணும்."

"முடியாதா… ஆமா, புரியுது. காலேஜ்காரங்க காதுக்குப் போனா சீட்டை ரத்து பண்ணிடுவாங்க. புரியுதுன்னு சொல்றேன்ல… அவ எதிர்காலம். ஆமா. நவோமிக்கும் ஒண்ணு இருக்கு… இல்ல, நான் மிரட்டல. உன்னை மிரட்டி எனக்கு என்ன ஆகணும்? நீ என் பக்கத்துல இருந்தவ. என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில தூங்காம உக்காந்தவ. உன்னைத் தவிர எனக்கு இங்க யாரு… என்ன? யாரு வர்றா?… ஓ."

பிளசன்டனில் கார் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஷ்யாமளாவின் குரல் ஒரே மூச்சில் வெல்லமாகிவிட்டது. ஸ்பீக்கரில் இருக்கே என்று அவள் எச்சரித்ததும் கேட்டது. அஃப்சானாவின் குரலும் தானாக மாறிக்கொண்டது, என்ன செய்வது, குழந்தையிலிருந்து பார்த்த பெண்.

"ஹாய், தீக்ஷா கண்ணு… நல்லா இருக்கேன்மா… ஆமா, அங்க்கிள் நல்லா இருக்காரு, சமைச்சுக்கிட்டு இருக்காரு… கங்கிராட்ஸ்மா, மறுபடியும்… ஆமா, எஸ்ஸே படிச்சேன். இன்னைக்குத்தான் படிச்சேன்… ரொம்ப அழகா எழுதியிருக்கே… அந்த செருப்பா? அதை எழுதும்போது அழுதியா?… நிஜமாவா… இல்ல ஷ்யாமளா, அப்புறம் இல்ல. அவ பேசிக்கிட்டு இருக்கால்ல, பேசட்டும்… என்னம்மா கேட்டே?… நவோமியா?"

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. தௌபீக் கரண்டியில் கொஞ்சம் ஆணமும், கீழே சொட்டாமல் பிடித்த இன்னொரு கையுமாக நின்றார். உப்பு பார்க்க அவளிடம்தான் கொண்டு வருவார், அது அந்த வீட்டு வழக்கம். அவள் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லி போனை வைத்திருக்கலாம். எட்டு மணிக்கு ஏதாவது பூசி மெழுகியிருக்கலாம். அஃப்சானா கரண்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"நவோமி நல்லா இல்லம்மா… ஏன்னா அது அவ கதை இல்ல. அவங்கப்பா பொய் சொல்லல. அவ அம்மாவுக்கு நிஜமாவே முடியல, இறந்துட்டாங்க… பொய் சொன்னது எங்க வாப்பா. ஹாஸ்டல் வாசல்ல நின்னது நான்… ஆமாம்மா, ஆண்ட்டிதான்… செருப்பு எனக்கு வாங்கினது… பத்தொன்பது வயசு. படிப்பை முடிக்கணும்னு ஆசை. கல்யாணம் வேணாம்னு அழுதேன், யாரும் கேக்கல… ஆமா. அங்க்கிள்தான் மாப்பிள்ளை… இல்லம்மா, அவருக்குத் தெரியாது. இப்பத்தான் தெரியும்."

"அம்மாகிட்ட கேளு, எப்படி மாறுச்சுன்னு அம்மா சொல்லுவா… ஷ்யாமளா, நீ கத்தாதே… தீக்ஷா, கேளும்மா. எட்டு மணிக்கு நான் நவோமி அப்பாகிட்ட இதைத்தான் சொல்லப் போறேன். நீ கூட வந்து நான்தான் எழுதினேன், தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா அந்த மனுஷன் நம்புவாரு. என்னை மட்டும் நம்புவாரான்னு தெரியல… உனக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதும்மா, நான் பொய் சொல்ல மாட்டேன்… வர்றியா?… தீக்ஷா?… ஹலோ?… ஷ்யாமளா?… ஹலோ?"

லைன் போய்விட்டது. அந்தப் பெண் வருகிறேன் என்றாளா, மாட்டேன் என்றாளா என்று தெரியவில்லை. பொத்தானை அழுத்தியது யார் விரல் என்று மட்டும் தெரியும்.

அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். போன் காதில் இருக்கும்வரை தௌபீக் குறுக்கே பேச மாட்டார், அப்படி ஒரு மரியாதை அவரிடம் உண்டு. கரண்டியில் இருந்த ஆணம் ஆறி மேலே எண்ணெய் படிந்துவிட்டது. கடைசியில் அவள் போனை இறக்கினாள்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க… எட்டு மணிக்கு அவங்ககிட்டயும் சொல்லணும். நம்ம மேஜையிலேயே உக்காந்துதான் சொல்லுவேன்."

தௌபீக் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தார். வாராவாரம் அந்த வகுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவர், அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள அஃப்சானாவால் முடியவில்லை. அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கி உப்பு பார்த்தாள், சரியாக இருக்கிறது என்று சொன்னாள். பிறகு கராஜ் கதவைச் சாத்தாமல், அவரைத் தாண்டி உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தாள்.